வில்லியம் துரையைத் தேடி லண்டனில் மூன்று கிழமை

1996 செப்டம்பர் கடைசியில் மூன்று கிழமை லண்டனில் இருந்தேன். அரண்மனையையும் பாலத்தையும் பார்க்கவில்லை. என் தாயின் தகப்பனைத் தேடிப் போனேன். அவர் பெயர் வில்லியம், வெள்ளைக்காரர், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதே போன்ற தேடலுக்குக் கிளம்ப நினைப்பவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், எங்கே போனேன், எங்கே பிழைவிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், ஏன் போனேன் என்பது. அப்போது நானும் மகன் ரமணனும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தோம். என் கணவர் நடராசா யாழ்ப்பாணத்தில் நெஞ்சு நோவில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரமணனுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியன் பாண் வாங்கப் போவதென்றாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் கையில் இருந்தபோதே ஓகஸ்டில் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பொலிஸ் நிலைய வாசலில் மற்றத் தாய்மாரோடு நின்றேன். விடுகிற அன்று ஒரு சார்ஜன்ட் படியில் நின்று அட்டைகளைப் பார்த்துப் பெயர் வாசித்தார். எங்கள் அட்டைகளில் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு இருக்கும். அவரும் அதைத்தான் வாசித்தார்.

"நடராசா!"

செத்துப்போன மனிதரை யாரோ கூப்பிடுவது போல் இருந்தது. உள்ளே இருந்து ரமணன் வந்தான், அட்டையைக் காட்டுகிறவனைப் போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி. அவன் முகத்தில் காயம் எதுவும் இல்லை. ஆனால் அறைக்கு வந்த பிறகும் யாராவது கதவைத் தட்டினால் அந்தக் கைகள் தாமாக நீண்டன.

லொட்ஜில் பக்கத்து அறைக்காரி ஒருத்திதான் அந்த விதியைச் சொன்னாள். பொதுநலவாய நாட்டவர் ஒருவரின் பாட்டனோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால், அங்கே போய் வேலை செய்ய விசா கேட்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையையும் சேர்த்துக் கேட்கலாம். ரமணனுக்கு அடுத்த மார்ச்சில் பதினெட்டு.

இரண்டு விஷயங்களை நான் நிறுவ வேண்டும். வில்லியம் துரை அங்கே பிறந்தவர் என்பது ஒன்று. என் அம்மா அவருடைய பிள்ளை என்பது மற்றது. அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்து, அங்கேயே ஆசிரியையாகி, என் அப்பாவைக் கட்டியபோது கல்யாணப் பதிவில் தன் பெயரை "வில்லியம் எலிசபெத்" என்று எழுதியிருக்கிறா. தகப்பனைப் பற்றி அவ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "எங்கடை அம்மா துரையைக் கோட்டில ஏத்தினவ." வழக்கு என்ன ஆனது என்று கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. தோற்றிருக்கும், அதுதான் சொல்ல வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் பயணம் முழுக்க என்னோடு வந்தது. தோற்ற வழக்கென்றால், "இவர் தகப்பன் அல்ல" என்று ஒரு நீதவான் எழுதி வைத்திருப்பார். அதை என் கையாலேயே தோண்டி எடுக்கத்தான் இவ்வளவு தூரம் போகிறேனா?

ரமணனை லொட்ஜ்காரரின் மனைவி சிவம் அன்ரியிடம் விட்டுவிட்டு, ஒன்றுவிட்ட அக்கா சறோ அனுப்பிய அழைப்புக் கடிதத்தோடு ஹீத்ரோவில் இறங்கினேன். குடிவரவு அதிகாரி எவ்வளவு நாள், யார் வீடு, எதற்காக என்று கேட்டார். குடும்ப வரலாறு தேட என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் மா நிறத்தையும் குங்குமமில்லாத நெற்றியையும் பார்த்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்துத்தான் முத்திரை குத்தினார்.

சறோ அக்காவின் வீடு குட்மேய்ஸில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பாண் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பயம் என்பதை அறியாத பிறவி.

"வெள்ளைக்காரன்ரை பேத்தி வந்திட்டா, தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பால் கூட விடுறன்," என்றா கதவைத் திறந்த உடனே.

"சறோ அக்கா, மெதுவாக் கதையுங்கோ."

"ஆருக்குப் பயம்? பக்கத்து வீட்டுக்காரன் பஞ்சாபி. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஹட்டன் துரையையும் தெரியாது."

அன்றிரவே கொழும்புக்குப் போன் எடுத்தோம். ரமணன் வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ஓம் அம்மா, நீங்கள் வில்லியத்தைப் பிடியுங்கோ" என்றான். அவன் பகிடி விட்டு நான் கேட்டுக் கன நாளாகியிருந்தது.

அப்போது இங்கிலாந்தின் பிறப்பு, இறப்பு, திருமண அட்டவணைகள் கிங்ஸ்வேயில் ஒரு கட்டடத்தில் இருந்தன. குட்மேய்ஸிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு ரயில், அங்கிருந்து ஹோபோர்னுக்குச் சுரங்க ரயில். வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். காலை நெரிசல் முடிந்து எடுத்தால் நாள் முழுதுக்குமான பயணச்சீட்டு நாலு பவுணுக்குள் முடிந்தது. உள்ளே போகக் காசு இல்லை. பிறப்புக்குச் சிவப்பு மட்டை, திருமணத்துக்குப் பச்சை, இறப்புக்குக் கறுப்பு. ஒவ்வொரு புத்தகமும் ஒரு அம்மிக்கல் பாரம். ஒரு வருடத்துக்கு நாலு புத்தகம். சாய்வு மேசையில் தூக்கிப் போட்டு, பார்த்து, திரும்பத் தூக்கி வைக்க வேண்டும். முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் மென்மையானவர்களுக்கு இடம் கிடைக்காது. தட்டையான சப்பாத்துப் போட்டுப் போங்கள்.

நான் 1880இலிருந்து 1895வரை "வில்லியம்" என்ற பெயரைத் தேடினேன். சிலர் இருந்தார்கள். "வில்லியம்ஸ்" என்று பக்கம் பக்கமாக இருந்தார்கள். "வில்லியம் வில்லியம்ஸ்" மட்டும் ஒரு பட்டாளம். இதில் எவர் ஹட்டனுக்குப் போனவர்? முதல் கிழமை முழுக்க இப்படியே போனது. மாலையில் ஸ்ட்ராண்ட் வீதிக்கு நடந்து போய், இறந்தவர்களின் உயில் அட்டவணையிலும் அதே பெயரைத் தேடினேன். அங்கேயும் அதே பட்டாளம்.

"ஏதாவது ஒரு வில்லியத்தைப் பிடிச்சுக்கொண்டு போவன்," என்றா சறோ அக்கா, எனக்குக் காலில் தைலம் பூசியபடி. "அவங்களுக்கென்ன தெரியப் போகுது?"

"பொய்ப் பத்திரம் குடுத்தால் பிறகு வாழ்நாளுக்கும் விசா இல்லை. பெடியனுக்கும் இல்லை."

அவ தைலப் போத்தலை மூடி வைத்தா. முதல் முறையாக அவவுக்கும் பயம் வந்ததைக் கண்டேன். அது எனக்கு உதவவில்லை.

அந்தச் சனிக்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. லொட்ஜில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். ஏன் எடுக்கவில்லை? மீண்டும் எடுத்தேன். சறோ அக்கா வேலைக்குப் போய்விட்டா. படியில் குந்தியிருந்து, கைக்குள் போனை வைத்துக்கொண்டு, என்னென்னவோ நினைத்தேன். அந்த அரைநாளில் நான் நினைத்தவற்றை இங்கே எழுத மாட்டேன். பின்னேரம் சிவம் அன்ரி எடுத்தா. லொட்ஜில் இருந்த எல்லோரையும் பதிவைப் புதுப்பிக்க வரச் சொன்னார்களாம், போய் வரிசையில் நின்றார்களாம். "உம்மடை பிள்ளை குளிக்கிறான், கூப்பிடவோ?" என்றா. வேண்டாம் என்றேன். குளிக்கிற சத்தம் கேட்குமா என்று மட்டும் கேட்டேன். அவ சிரித்தா.

இரண்டாம் கிழமை கியூவுக்குப் போனேன். பழைய குடியேற்ற நாடுகளின் அரச ஆவணங்கள் அங்கேயுள்ள காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறி, மைல் எண்டில் எதிர் மேடைக்குத் தாண்டி, மேற்கே போகும் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் கியூ கார்டன்ஸ். எல்லாமாக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். பேனை கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும். கடவுச்சீட்டைக் காட்டினால் வாசகர் அட்டை அங்கேயே போட்டுத் தருவார்கள். நாம் கேட்ட ஆவணம் வந்ததும் கூவுவதற்குக் கையில் ஒரு சின்னக் கருவியும் தருவார்கள்.

அரச அறிவித்தல்களை அச்சிட்ட இலங்கை வர்த்தமானித் தொகுதிகளைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த மண்டபத்தில் பென்சில் உரசும் சத்தம் தவிர வேறு இல்லை. திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல்:

"திருமதி நடராசா. திருமதி நடராசா மேசைக்கு வரவும்."

நான் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. அந்தப் பெயரை அப்படி உரத்து வாசித்தால் அதன் பிறகு என்ன நடக்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. ஒருவாறு எழும்பிப் போனேன். வாசகர் அட்டையை மேசையில் மறந்து விட்டு வந்திருக்கிறேன், அதைத் தரக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு வெளியே போய், வாசலில் இருக்கும் குளத்தருகே ஒரு வாங்கில் இருந்தேன். தாராக்கள் பாணுக்காக என்னைச் சுற்றி வந்தன.

அட்டையைப் பார்த்தேன். "நடராசா" என்று பெரிய எழுத்தில், குடும்பப் பெயராக. என் கணவரின் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அவர் நடராசா, அவருடைய தகப்பன் கந்தையா, அவருடைய தகப்பன் யாரோ. எங்களிடம் ஒரு பெயர் ஒரு ஆளோடு வந்து, பிள்ளைக்கு முன்னால் ஒரு தலைமுறை நின்று, போய்விடும். நூறு வருடம் கழித்து எவராவது இந்த அட்டையை வைத்து "நடராசா குடும்பம்" என்று தேடினால் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

அப்போதுதான் விளங்கியது. நான் அதையேதான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். அம்மா தமிழ்ப் பிள்ளை. தமிழ் வழக்கப்படி தகப்பனுடைய சொந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறா. வில்லியம் என்பது அந்த மனிதருக்கு இடப்பட்ட பெயர். குடும்பப் பெயர் வேறு. ஒரு கிழமையாக ஒரு முழு நாட்டின் வில்லியம்ஸ்களைத் தூக்கித் தூக்கி வைத்தது வீண்.

திரும்பி உள்ளே போனேன். தோட்டங்களின் பெயர்களையும் அவற்றின் துரைமாரையும் வருடா வருடம் அச்சிட்ட புத்தகங்கள் திறந்த தட்டிலேயே இருந்தன. அம்மா பிறந்த தோட்டத்தின் பெயர் அவவின் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது. அவ பிறந்த 1923ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அந்தத் தோட்டத்துக்கு நேரே: வில்லியம் ஆஷ்கம். வர்த்தமானியில் அவர் பெயர் இன்னொரு இடத்திலும் வந்தது. தோட்டத்தை ஒட்டிய அரச காணி ஒரு துண்டை ஏலத்தில் வாங்கியிருந்தார். மனிதருக்கு உருவம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெயர் தெரிந்தால் வழக்கும் தெரியவரும்.

சறோ அக்காவுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி ஈஸ்ட் ஹாமில் இருந்தார். பிள்ளைக்குச் செலவுக் காசு கேட்கும் பராமரிப்பு வழக்கென்றால் கீழ்க் கோட்டு ஏடுகள் இலங்கையில்தான், எலி தின்னாமல் இருந்தால் உண்டு என்றார். ஆனால் மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால் தீர்ப்பு அச்சாகியிருக்கும், அந்தத் தொகுதிகள் ரஸல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்ட நூலகத்தில் இருக்கின்றன என்று சொல்லி, உள்ளே விட ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

"போகேக்கை ஒரு யோசினையோட போங்கோ," என்றார். "தோத்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பாத்திட்டு மூடி வைச்சிட்டு வந்திடுங்கோ. ஒருத்தரும் கேக்கப் போறதில்லை."

"எனக்குத் தெரிஞ்சிடுமே, ஐயா."

"அது உங்கடை பாடு," என்றார் கோபக்காரரைப் போல.

நூலகத்துக்கு சறோ அக்காவும் லீவு எடுத்துக்கொண்டு வந்தா. தொகுதியின் முன்னால் வழக்காளிகளின் பெயர் அகரவரிசையில் இருக்கும். 1924ஆம் ஆண்டுத் தொகுதியில் "அந்தோனியம்மாள் எதிர் ஆஷ்கம்" என்று கண்டேன். அந்தோனியம்மாள், என் அம்மாவின் தாய். கொழுந்து எடுத்தவ. அவவின் பெயரை அச்சில் நான் அதற்கு முன் கண்டதில்லை. பக்கத்தைத் திருப்பியதும் ஒரு விஷயத்தைக் கவனித்து, படீரென்று உள்ளங்கையால் மேல் பகுதியை மூடினேன். தீர்ப்பின் சுருக்கத்தைப் பக்கத்தின் தலையிலேயே அச்சிடுவார்கள்.

"கையை எடு," என்றா சறோ அக்கா.

"ஏலாது."

"பிள்ளை, எடு."

"நீங்கள் வாசியுங்கோ. நான் பாக்கேல்லை."

அவ என் கையைத் தூக்கி, தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தா. நேரம் எடுத்தது. அவவின் உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெண்டிட்டா," என்றா மெதுவாக. "மனிசி வெண்டிட்டா. அவன்ரை அப்பீலைத் தள்ளிப்போட்டாங்கள்."

பிறகு நான் வாசித்தேன். ஆஷ்கம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார், செக்றோலில், அதாவது தோட்டக் கூலியாட்களின் பேரேட்டில், உள்ள ஒரு பெயர் என்பதைத் தவிர இந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியாதென்று. அவரை மாட்டிக் கொடுத்தது காணி. பிள்ளை பிறப்பதற்கு முன் ஏலத்தில் வாங்கிய அந்தத் துண்டில் ஒரு மூலையை அந்தோனியம்மாள் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தெரியாத ஒரு கூலிக்காரிக்கு ஒரு துரை ஏன் காணி எழுதினார் என்று நீதவான் கேட்டிருக்கிறார். தாயின் வாக்குமூலத்துக்கு வேறு சான்று வேண்டும் என்ற விதிக்கு அந்த உறுதி போதும் என்று மேல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுவில் ஒரு பந்தி இருந்தது. குழந்தையை மேசையில் வைத்து, தொப்பியைக் கழற்றி, தலைமயிரையும் கண்ணையும் தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாக. எட்டு மாதக் குழந்தை. அது என் அம்மா. வென்ற வழக்கைப் பற்றிக் கேட்டபோதும் அவ ஏன் எழும்பிப் போனா என்று அந்த நூலகத்தில்தான் எனக்கு விளங்கியது. யாரோ அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை நான் போட்டோக்கொப்பி எடுத்து, கொழும்பில் முன்பின் தெரியாத ஒரு அதிகாரியின் மேசையில், அதே வெளிச்சத்தில், திரும்ப வைக்க வேண்டும்.

எடுத்தேன். பக்கம் பத்துப் பென்ஸ்.

கிங்ஸ்வேக்குத் திரும்பப் போனபோது வேலை சுலபமாக இருந்தது. ஆஷ்கம் என்று அதிகம் பேர் இல்லை. ஸ்ட்ராண்டில் அவருடைய உயிலும் இருந்தது. இலங்கையில் தோட்டத் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர், டோர்செட்டில் இறந்தார். இறந்த தேதியை வைத்து இறப்பு அட்டவணையில் வயது, வயதிலிருந்து பிறப்பு. பிறப்புப் பத்திரப் பிரதி ஆறு பவுண், சில நாளில் கையில் தருவார்கள். உயிலில் என் அம்மாவின் பெயரைத் தேடினேன் என்பதை ஒளிக்கவில்லை. இல்லை.

கொழும்பில் விசா நேர்காணலில் அந்த அதிகாரி, ஒரு இளம் பெண், நடுப் பந்திக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினா. விசா பெப்ரவரியில் வந்தது. ரமணனின் பதினெட்டாவது பிறந்தநாளைக் குட்மேய்ஸில், சறோ அக்கா கொண்டு வந்த தொழிற்சாலைக் கேக்கோடு கொண்டாடினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நான் சொன்ன கட்டடங்களில் சில இப்போது இடம் மாறிவிட்டன, கிளம்பும் முன் விசாரியுங்கள். விசா விதிகளும் மாறும், ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். தாயின், தாயின் தாயின் பத்திரங்களில் தோட்டத்தின் பெயர் இருந்தால் அதுதான் உங்கள் முதல் சாவி, ஆளின் பெயர் அல்ல. முன்னால் நிற்கும் பெயர் குடும்பப் பெயர் என்று எண்ணி என்னைப் போல் ஒரு கிழமையைத் தொலைக்காதீர்கள். காணிப் பதிவையும் வழக்குப் பதிவையும் சேர்த்தே தேடுங்கள், ஒன்று மறைப்பதை மற்றது சொல்லும். தனியாகப் போக வேண்டாம். பக்கத்தை மூடும் உங்கள் கையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

போன வருடம், 1998இல், ரமணன் அந்தத் தீர்ப்பைத் தானும் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கல்லூரி அட்டையைக் காட்டி அதே சட்ட நூலகத்துக்குள் போய், தொகுதியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். அவன் ஆறடி வளர்ந்துவிட்டான், ஆங்கிலத்தில் சிரிக்கிறான், இரவில் நன்றாகத் தூங்குகிறான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து நூலகர் கூப்பிட்டார்.

"மிஸ்டர் நடராசா?"

கதிரை பின்னால் விழுந்தது. ரமணன் நேராக எழும்பி நின்றான். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, அவற்றின் நடுவே கல்லூரி அட்டை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"புத்தகம் வந்திருக்கடா," என்றேன். "வேறை ஒண்டுமில்லை. போய் எடுத்துக்கொண்டு வா."